சும்மா ஒரு விளக்கம் எழுதிக் கொடு

சிறைக் காவலர் ஒருவர் மீது புகார் எழுந்து, அவர் வழக்கறிஞரைத் தேடி வரும்போது காரியம் பாதி கெட்டுப்போயிருக்கும். புகார் எழுந்த இரவிலேயே தன் கைப்பட அவர் எழுதிக் கொடுத்த ஒரு தாள்தான் அதைக் கெடுத்திருக்கும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வர மாதங்கள் ஆகலாம். போலீஸ் வழக்கு வரலாம், வராமலும் போகலாம். அந்தத் தாள் மட்டும் கோப்பின் முதல் பக்கமாக எல்லா மேசைக்கும் போய்ச் சேரும்.

கடலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். அரசு ஊழியர்களின் துறை நடவடிக்கைகளுக்குப் பதில் எழுதித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், மின்வாரிய ஊழியர் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் வரும்போது கையில் சங்கத்தின் ஆலோசனையும் முன்னால் போனவர்களின் அனுபவமும் இருக்கும். சிறைக் காவலர் தனியாக வருவார். இருட்டிய பிறகு, சீருடையை மாற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வருவார். வந்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: "சும்மா ஒரு விளக்கம் எழுதிக் கொடு என்றார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன்."

இவர்களுக்காக நான் கூடுதலாக மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா சிறையில் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். கடலூர் மத்தியச் சிறை இருக்கும் கேப்பர் மலையின் செம்மண்ணிலும் முந்திரித் தோப்பிலும் விளையாடித்தான் நான் வளர்ந்தேன். மாலையில் கைதிகளை அறைகளில் அடைக்கும் லாக்கப் முடிந்து எண்ணிக்கை சரியாக வந்தால்தான் அப்பா வீட்டுக்கு வருவார். ஒரு தலை குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். அம்மா சாதத்தை மூடி வைத்துவிட்டு, "இன்னும் எண்ணிக்கை வரவில்லை போலிருக்கிறது" என்பார். உள்ளே ஏதாவது தவறினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பாதான் என்பது குழந்தைகளான எங்களுக்கும் தெரிந்திருந்தது. பதில் சொல்லும்போது அவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பது மட்டும் அவருக்கே தெரிந்திருக்கவில்லை. கைதிக்கு மேல்முறையீடு செய்ய எத்தனை நாள், நேர்காணலுக்கு யார் வரலாம், பரோல் மனு எங்கே போக வேண்டும் என்று எதைக் கேட்டாலும் அவர் மனப்பாடமாகச் சொல்வார்.

அந்த முதல் தாளில் என்ன இருக்கும்? பெரும்பாலும் மூன்று வரிகள். நடந்தது பற்றி ஒரு வரி. அடுத்து, "எனது கவனக்குறைவினால் இது நேர்ந்துவிட்டது." அதற்கடுத்து, "கருணை கூர்ந்து மன்னிக்க வேண்டுகிறேன்." அரசு அலுவலகங்களில் மன்னிப்புக் கேட்டு எழுதுவது ஒரு மரியாதை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். மேலதிகாரியின் கோபம் தணியும், விஷயம் அங்கேயே முடியும் என்று நம்புகிறார்கள். பல நேரங்களில் முடிந்தும் இருக்கிறது. ஆனால் முடியாமல் போகும் அந்த ஒரு முறையில், மரியாதைக்காக எழுதிய வரி குற்ற ஒப்புதலாக உட்கார்ந்துகொள்கிறது.

இதில் ஒரு விசித்திரமான சட்ட நிலை இருக்கிறது. காவலர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் தரும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 23-ஆம் பிரிவாக இருக்கிறது. போலீஸ் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கவும் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஜெயிலரோ கண்காணிப்பாளரோ போலீஸ் அதிகாரி இல்லை. அவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்டேஷனில் வாய் தவறிச் சொன்னது சாட்சியமாகச் சேராது. தன் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தன் அதிகாரி வாங்கிய கடிதம் சேரும்.

பாரதிய சாட்சிய சட்டத்தின் 22-ஆம் பிரிவில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. அதிகாரத்தில் உள்ள ஒருவர், அந்தக் குற்றச்சாட்டைப் பற்றி மிரட்டியோ, ஆசை காட்டியோ, வாக்குறுதி தந்தோ வாங்கிய ஒப்புதல் குற்றவியல் வழக்கில் செல்லாது. "எழுதிக் கொடு, மேலே அனுப்பி முடித்துவிடுகிறேன்" என்பது வாக்குறுதியா, இல்லையா? நான் வாக்குறுதி என்று வாதிடுவேன். ஆனால் அப்படிச் சொன்னார் என்பதை நிரூபிக்கக் காவலரிடம் என்ன இருக்கிறது? அவர் எழுதிய தாளின் நகல்கூட அவரிடம் இருப்பதில்லை.

அரசியலமைப்பின் 20(3)-ஆவது கூறு, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நந்தினி சத்பதி வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் விசாரணை நடக்கும் கட்டத்திலேயே இந்த மௌன உரிமை உண்டு என்றது. 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை நடத்தக் கூடாது என்றது. எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பாதுகாப்பு 'குற்றம் சாட்டப்பட்டவருக்கு' உரியது. முதல் இரவில் அதிகாரியின் மேசை முன் நிற்கும் வார்டர், அதாவது சிறைக் காவலர், இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அவர் வெறும் ஊழியர். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். சொல்ல மறுத்தால் அதுவே கீழ்ப்படியாமை என்று தனிக் குற்றச்சாட்டாகும். 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவே எல்லாச் சிறை அலுவலரும் கண்காணிப்பாளரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு 1967-லேயே ஒரு விடை கண்டார்கள். நியூ ஜெர்சியில் காவல் அலுவலர்கள் சிலரிடம், பதில் சொல்லாவிட்டால் வேலை போகும் என்று சொல்லி வாக்குமூலம் வாங்கி, அதையே குற்றவியல் வழக்கில் அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். கேரிட்டி வழக்கு என்று அது பெயர் பெற்றது. வேலையைக் காட்டி மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் குற்றவியல் வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்குள்ள சிறை அலுவலர்கள் இன்று விசாரணைக்குப் போகும்போது அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லித்தான் பாதுகாப்புக் கேட்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வரும் ஒரு விதி யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது. மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993-இன் 15-ஆம் பிரிவுப்படி, மனித உரிமை ஆணையத்தின் கேள்விக்கு விடையாக ஒருவர் சொல்லும் சாட்சியத்தை வேறு எந்த உரிமையியல், குற்றவியல் வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பொய்ச் சாட்சி சொன்னதாக வழக்கு வந்தால் மட்டும் விலக்கு. அடுத்த பிரிவான 16, யாருடைய நற்பெயர் பாதிக்கப்படக்கூடுமோ அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. மனித உரிமை ஆணையம் என்றாலே காவலர்கள் அஞ்சுகிறார்கள். தங்களுக்கான பாதுகாப்பும் அதே சட்டத்தில் அச்சாகியிருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களை மௌனமாக இருங்கள் என்று நான் சொல்வதில்லை. அது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எழுதுங்கள், ஆனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்கிறேன். எத்தனை மணிக்குப் பொறுப்பேற்றீர்கள், யாரிடமிருந்து ஏற்றீர்கள், எங்கே நின்றீர்கள், எதைக் கண்ணால் கண்டீர்கள், யாரிடம் தகவல் சொன்னீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'கவனக்குறைவு' என்பது நடந்த சம்பவம் இல்லை, அது ஒரு முடிவு. அந்த முடிவுக்கு வர வேண்டியவர் விசாரணை அதிகாரி. பதிவேடுகளைப் பார்த்த பின் விரிவான விளக்கம் தருவேன் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். நகல் கேளுங்கள். தரவில்லை என்றால், வீட்டுக்குப் போனதும் அதே வார்த்தைகளை இன்னொரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

முதல் தாளுக்குப் பிறகு வருவதை அரசு ஊழியர் எல்லோரும் எண்ணைச் சொல்லியே பேசுவார்கள்: 17(ஏ), 17(பி). தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955-இன் 17-ஆம் விதி அது. சிறு தண்டனை என்றால் 17(ஏ). விளக்கம் கேட்டு, அதைப் பரிசீலித்து ஆணை போடலாம். பணிநீக்கம், பணியறவு, கட்டாய ஓய்வு, பதவியிறக்கம் போன்ற பெருந்தண்டனை என்றால் 17(பி). அதற்கு முறையான விசாரணை நடந்தே ஆக வேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். எந்த ஆவணங்களையும் எந்தச் சாட்சிகளையும் நம்பிக் குற்றம் சாட்டுகிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். வாய்மொழி விசாரணை கேட்கலாம். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தன் தரப்புச் சாட்சிகளை அழைக்கலாம். விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து, அதன்மீது கருத்துச் சொல்ல வாய்ப்பளித்த பிறகே இறுதி ஆணை வர வேண்டும். கருணாகர் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. இவ்வளவுக்கும் அடிப்படை அரசியலமைப்பின் 311-ஆவது கூறு. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் ஒரு வார்டரைப் பணியிலிருந்து நீக்க முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து நியாயமான வாய்ப்புத் தராமலும் நீக்க முடியாது.

துறை விசாரணைக்குள் வழக்கறிஞரை அழைத்துப் போகும் உரிமை தானாக வந்துவிடாது. துறையின் தரப்பில் சட்டம் பயின்ற ஒருவரை நிறுத்தினால், ஊழியருக்கும் அதே வசதி தரப்பட வேண்டும் என்று பம்பாய்த் துறைமுக வழக்கில் 1982-ல் தீர்ப்பு வந்தது. மற்றபடி காவலர் தனக்காகத் தானே கேள்வி கேட்க வேண்டியிருக்கும். வாழ்நாளெல்லாம் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துப் பழகியவர், தன் மேலதிகாரியைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். சட்டப் பிரிவுகளைவிட இதுதான் அவருக்குப் பெரிய மலையாகத் தெரிகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். எந்தச் சிறை என்பது இங்கே தேவையில்லை. காலையில் நடந்த சோதனையில், குளியலறைச் சுவரில் பெயர்ந்த செங்கல்லுக்குப் பின்னால் ஒரு சிறிய செல்போன் கிடைத்தது. முந்தைய இரவு அங்கே பணியில் இருந்தவர் நடுவயதைத் தாண்டிய ஒரு காவலர். பகல் பணி முடித்தவரை, ஆள் இல்லை என்று இரவுக்கும் நிறுத்தியிருந்தார்கள். விடிய விடிய நின்ற கால்களோடு, தூக்கக் கண்களோடு, சொன்னபடி எழுதிக் கொடுத்தார். மூன்றே வரி. 17(பி) குறிப்பாணை வந்தபோது அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன: பணியில் கவனக்குறைவு, தடைசெய்யப்பட்ட பொருள் கைதிக்குக் கிடைக்க உடந்தை. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகப் பட்டியலில் காட்டப்பட்ட ஒரே ஆவணம் அவருடைய மன்னிப்புக் கடிதம்.

"வக்கீலம்மா, உடந்தை என்று நான் எழுதவே இல்லையே" என்றார்.

"நீங்கள் எழுதவில்லை அண்ணா. நீங்கள் எழுதியதை அவர்கள் அப்படிப் படிக்கிறார்கள்" என்றேன்.

ஆவணங்கள் கேட்டு மனு எழுதினோம். பணிப் பட்டியல், வாயில் பதிவேடு, சோதனைப் பதிவேடு, பொறுப்பு மாற்றிக்கொள்ளும் புத்தகம். சில வந்தன, சில வரவில்லை. வந்தவற்றில் பணிப் பட்டியலின் நகல்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. அவர் பெயருக்கு நேராக '3' என்று பிளாக் எண் இருந்தது. அதை ஒட்டி, சற்றே சாய்ந்த வேறொரு கையெழுத்தில், வேறு அழுத்தத்தில் '4' என்று சேர்த்திருந்தார்கள். நான்காம் பிளாக்குக்கு நேரே இருந்த பெயரின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்குக் கீழே சுருக்கொப்பம் இல்லை.

அரைத் தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு வரியைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, அவரை வாய்விட்டுப் படிக்கவைத்தேன். விசாரணை நாளில் அவர் நின்றுகொண்டே கேட்டாராம். அன்று இரவு மூன்றாம் பிளாக்கில் யார் பணி? சாட்சி அவர் பெயரையே சொன்னார். நான்காம் பிளாக்கில்? மறுபடி அவர் பெயர்தான். இரண்டு பிளாக்கிலும் ஒரே நேரத்தில் ஒருவர் நிற்க முடியுமா? பதில் இல்லை. அந்தக் குளியலறை அதற்கு முன் எப்போது சோதனையிடப்பட்டது? பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் சாட்சி. பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்த வாரம் முழுக்க அந்தப் பிளாக்குக்குப் பதிவே இல்லை. பதிவில் கையெழுத்திட வேண்டியவர் வார்டர் அல்லர்.

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். சிறைக்குள் நடக்கும் தவறுகளை விசாரிக்கும்போது, விசாரணை மிக எளிதாகக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. செல்போன் கிடைத்தால் இரவுக் காவலர். கைதி தப்பினால் கோபுரத்தில் நின்றவர். கைதி தூக்கில் தொங்கினால் அந்த வரிசையில் நடந்தவர். மன்னிப்புக் கடிதம் கையில் இருக்கும்போது அதற்கு மேல் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. ஒரு வார்டருக்கு ஆவணங்களின் நகலும் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் கிடைத்த பிறகுதான், இரண்டு பிளாக்குக்கு ஒரே ஆளை நிறுத்தியது யார், வாரம் முழுக்கச் சோதனை நடக்காமல் விட்டது யார் என்ற கேள்விகள் பதிவுக்குள் வருகின்றன. அவருடைய உரிமை அவரை மட்டும் காப்பதில்லை. உண்மை மேல்படிக்கு ஏறுவதற்கு இருக்கும் வழியும் அதுதான்.

சிறைக் காவலரின் உரிமை பற்றி நான் பேசினால், என் நண்பர்களில் மனித உரிமைப் பணியில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அடிபட்ட கைதிக்கு யார் பேசுவது என்கிறார்கள். நானும் பேசுகிறேன். கைதியை அடித்தவர் தண்டிக்கப்பட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. 2024-ல் வேலூரில், ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயரதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தித் தாக்கியதாக எழுந்த புகார் உயர் நீதிமன்றம் வரை போனது. சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. வழக்கில் உயரதிகாரிகளும் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட வழக்குகளில் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர்கள் கீழ்நிலைக் காவலர்கள்தான். முதல் இரவிலேயே பழியைத் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒருவர், பிறகு யாருக்கு எதிராக வாய் திறப்பார்?

சிறையில் ஒரு மரணம் நேர்ந்தால் காவலரைச் சுற்றி ஒரே நேரத்தில் பல விசாரணைகள் தொடங்குகின்றன. 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை நடத்துவார். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவு, இப்போது புதிய சட்டத்தின் 196. போலீஸ் தனியாக வழக்குப் பதியும். துறை தனியாக விளக்கம் கேட்கும். ஒவ்வொரு மேசையிலும் அவருக்குள்ள உரிமை வேறு வேறு. நடுவர் முன் சாட்சியாக நிற்கிறாரா, போலீஸ் முன் சந்தேக நபராக நிற்கிறாரா, துறையின் முன் ஊழியராக நிற்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. போலீஸ் அழைத்தால் எழுத்து மூலமான நோட்டீஸ் கேட்க வேண்டும். கைது தேவையில்லாத நிலையில் அதே புதிய சட்டத்தின் 35(3) பிரிவின்படி நோட்டீஸ் தந்து அழைப்பார்கள். அதன்படி ஆஜராகி ஒத்துழைப்பவரைக் காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நாள்தோறும் ரிமாண்டு கைதிகளின் வாரண்டைச் சரிபார்த்து உள்ளே அனுப்புகிறவர்களுக்கு இந்த விதிகளை நான் சொல்லத் தேவையில்லை. தங்களுக்கும் இவை பொருந்தும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காவலர்களிடையே உலவும் ஒரு நம்பிக்கையைக் கையோடு உடைத்துவிடுகிறேன். "அரசு அனுமதி இல்லாமல் எங்கள் மீது வழக்கு நடத்த முடியாது" என்று பலர் நினைக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 197-ஆம் பிரிவு, புதிய சட்டத்தின் 218-ஆம் பிரிவு, அரசின் அனுமதியின்றிப் பதவியிலிருந்து நீக்க முடியாத அலுவலர்களுக்கு உரியது. வார்டரைத் துறை அதிகாரிகளே நீக்க முடியும் என்பதால் பொதுவாக அவருக்கு அந்தக் குடை இல்லை. லஞ்ச வழக்கில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, நீக்கும் அதிகாரம் கொண்டவரின் இசைவு தேவை. ஆனால் லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்கப் பினாப்தலீன் என்ற ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டவரைக் கைது செய்ய முன் அனுமதி எதுவும் தேவையில்லை. கைதியின் குடும்பத்திடம் காசு வாங்குபவருக்காக நான் வாதாடுவதில்லை, அது என் சொந்த முடிவு.

பணியிடை நீக்கம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பம் உடைவது இங்கேதான். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே 17(இ) விதிப்படி பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படும். பிழைப்பூதியமாகத் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிச் சம்பளம் வரும். சம்பளத்தில் சொசைட்டி கடன், வீட்டுக் கடன் எல்லாம் முழுதாக இருக்க, வருமானம் பாதியாகிவிடும். அந்தப் பாதியும் மாதக்கணக்கில் வராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். பிழைப்பூதியம் கருணை இல்லை. கேட்டு வாங்கும் உரிமை.

இதற்கு ஒரு தங்க வயல் கதை உண்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் ஆண்டனியின் வீட்டில் 1985-ல் சோதனை நடந்தது. தங்கம் கிடைத்ததாகப் போலீஸ் வழக்கும் துறை விசாரணையும் சேர்ந்தே தொடங்கின. பிழைப்பூதியம் தரப்படவில்லை. விசாரணைக்குப் போக அவரிடம் பணம் இல்லை. அவர் இல்லாமலேயே விசாரணை நடத்திப் பணியிலிருந்து நீக்கினார்கள். பிறகு குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொன்னது. பிழைப்பூதியம் தராமல், ஆள் வராத நிலையில் நடத்திய விசாரணை செல்லாது என்றது. ஒரே சம்பவத்துக்குத் துறை விசாரணையும் குற்ற வழக்கும் சேர்ந்தே நடக்கலாம். ஆனால் குற்றச்சாட்டு கடுமையானதாகவும் சட்டச் சிக்கல் நிறைந்ததாகவும் இருந்து, இரண்டும் ஒரே உண்மைகளின் மீது நின்றால், குற்ற வழக்கு முடியும் வரை துறை விசாரணையை நிறுத்திவைப்பது நல்லது என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பின் நகலைக் காவலர்களிடம் அடிக்கடி கொடுத்தனுப்புகிறேன். துறையில் இப்போதே தன் தற்காப்பை முழுதாகத் திறந்து காட்டினால், நாளை அது குற்ற வழக்கில் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் என்பது அவர்களுக்கு இதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

விடுதலையானால் வேலை தானாகத் திரும்பும் என்றும் நினைத்துவிடக் கூடாது. தமிழகக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம், சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை வேறு, குற்றமற்றவர் என்று மதிப்புடன் கிடைத்த விடுதலை வேறு என்று பிரித்துக் காட்டியது. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் நடந்திருக்கக்கூடும் என்ற அளவே போதும்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் விதி எண்கள் மாறிவிடும். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்தியக் குடிமைப் பணி விதிகள், 1965 பொருந்தும். காலாப்பட்டு மத்தியச் சிறையில் இருப்பவருக்குப் பெருந்தண்டனை விசாரணை 14-ஆம் விதி, சிறு தண்டனை 16, பணியிடை நீக்கம் 10. அங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது: பணியிடை நீக்கத்தை 90 நாளுக்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் அது செல்லாது. தமிழ்நாட்டு விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. 2015-ல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில், குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக அது தானாகவே ரத்தாகிவிடாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு விளக்கிவிட்டது. ஆக, ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் இரண்டு சிறைகளில், ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்குக் காலண்டர் காவல் நிற்கிறது, மற்றவர் மனு எழுதிக் காத்திருக்கிறார். இது நியாயமாக எனக்குப் படவில்லை. தமிழ்நாட்டு விதியிலும் அந்த 90 நாள் வர வேண்டும்.

இந்த வேலையின் ஆபத்தைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2022 ஆகஸ்டில், நான் வளர்ந்த அதே கேப்பர் மலைக் குடியிருப்பில், உதவி ஜெயிலர் ஒருவரின் வீட்டில் அதிகாலையில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். குடும்பம் உயிர் தப்பியது. கைதியிடமிருந்து செல்போன் பறிமுதல் செய்யப்பட்டதற்கான பழிவாங்கல் என்று செய்தி வந்தது. செல்போனைப் பிடித்தால் வீட்டுக்குத் தீ, பிடிக்காவிட்டால் 17(பி). இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்குப் பயிற்சிக் காலத்தில் அணிவகுப்பும் துப்பாக்கியும் கற்றுத் தருகிறார்கள், கைதிகளின் உரிமைகளைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். அதோடு ஒரு பிற்பகல் ஒதுக்கி, விளக்கம் கேட்டால் எப்படி எழுதுவது, எதை எழுதக் கூடாது, எந்த நகலைக் கேட்டு வாங்குவது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். துறை இன்னொன்றும் செய்யலாம், அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை: எழுதி வாங்கும் விளக்கத்தின் நகலை அங்கேயே, அப்போதே, நேரம் குறித்து எழுதியவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. இரட்டைப் பணி பார்த்தவரிடம் தூங்கி எழும் முன் எழுதி வாங்கக் கூடாது என்று அதில் இன்னொரு வரி.

அந்த நடுவயதுக் காவலரின் விசாரணை அறிக்கை வந்தது. உடந்தை என்ற இரண்டாம் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. கவனக்குறைவு என்ற முதல் குற்றச்சாட்டு நிரூபணம். காரணம், 'குற்றம் சாட்டப்பட்டவரே தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டுள்ளார்'. ஓராண்டுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். பணிப் பட்டியலில் எண்ணைச் சேர்த்தது யார் என்பது பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தியிலேயே அந்தக் கேள்வியை வைத்திருக்கிறோம். பட்டியலின் நகல், கோடு தெரியும்படி பெரிதாக்கப்பட்டு, முதல் இணைப்பாகச் சேர்ந்திருக்கிறது. மனுவில் கையெழுத்திடும் முன் அவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு தனக்கு ஒரு நகல் கேட்டார்.